கவுன்சிலர் "ஃபண்ட் இல்ல"ன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? பெங்களூர் மாநகராட்சிக் காசு எங்க நிக்குதுன்னு ஒரு விளக்கம்

ஹலசூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், விவேக் நகர்னு நம்ம தமிழ் ஜனங்க நெறைய இருக்கற எந்த ஏரியாவுல வேணா கேட்டுப் பாருங்க, மோரி (சாக்கடை) அடைச்சிருக்கு, ரோடு பேந்து கெடக்கு, தெருவிளக்கு எரியலன்னு போய்ச் சொன்னா கடைசியா வர்ற பதில் "ஃபண்ட் இல்ல"ங்கறதுதான். கவுன்சிலர் இருந்த காலத்துல கவுன்சிலர் சொன்னாரு, கவுன்சிலே இல்லாத வருஷங்கள்ல வார்டு இன்ஜினியர் சொன்னாரு. கேட்டவங்களும் வாடிப்போய் திரும்பி வந்தாங்க, ஏன்னா மேல என்ன கேக்கறதுன்னு தெரியல.

இந்த ஒரே பதிலுக்குள்ள அஞ்சு வேற வேற நிலைமை இருக்கு. ஒவ்வொரு நிலைமைக்கும் ஆஃபீஸ்ல ஒரு பேப்பர் இருக்கு. எந்தப் பேப்பரைக் கேக்கணும்னு தெரிஞ்சுட்டா கவுன்சிலர் சொல்றது உண்மையா, பாதி உண்மையா, தட்டிக்கழிக்கறாரான்னு நாமளே கண்டுபிடிச்சுடலாம். அதுக்கு முதல்ல காசு எப்படி வருது, யாரு கையெழுத்துல போகுதுன்னு அடிப்படைலருந்து பார்த்துடுவோம்.

இப்ப ஏன் இவ்வளவு குழப்பம்

பிபிஎம்பி, அதாவது பழைய பெங்களூர் மாநகராட்சி கவுன்சிலோட காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி முடிஞ்சுது. அப்ப 198 வார்டு. அதுக்கப்புறம் 2021-22லருந்து 2025-26 வரைக்கும் அஞ்சு பட்ஜெட், எல்லாமே அரசாங்கம் போட்ட அதிகாரிங்க தயார் பண்ணி அவங்களே ஒப்புதல் குடுத்துக்கிட்ட பட்ஜெட். ஒரு கவுன்சிலர்கூட எழுந்து நின்னு "இந்தப் பக்கத்துல இருக்கற தொகை எதுக்கு"ன்னு கேக்கல, கேக்க ஆளே இல்ல. அரசியல் சட்டத்தோட 243-யு பிரிவு என்ன சொல்லுதுன்னா, நகராட்சிக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு, அது முடியறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தி முடிச்சிருக்கணும். பெங்களூர்ல அது நடக்கல. இத சின்ன விஷயமா எடுத்துக்கவே முடியாது, ஒரு கோடிக்கும் மேல ஜனம் இருக்கற ஊரு.

நடுவுல 2024-ல கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டம் வந்து, 2025 மே 15-லருந்து அமலாகி, 2025 செப்டம்பர் 2-ஆம் தேதி பிபிஎம்பியை அஞ்சு மாநகராட்சியாப் பிரிச்சாங்க. மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. அஞ்சுக்கும் மேல ஜிபிஏ, அதாவது கிரேட்டர் பெங்களூரு ஆணையம்னு ஒரு அமைப்பு, அதுக்கு முதலமைச்சர் தலைவர். வார்டு மொத்தம் 369 ஆயிடுச்சு. ஆக நம்ம தெரு அதே தெருதான், ஆனா வார்டு நம்பர் மாறிடுச்சு, ஆஃபீஸ் மாறிடுச்சு, கணக்குப் புத்தகமும் மாறிடுச்சு. பழைய கடன், பழைய பாக்கி பில்லு எல்லாம் எந்த மாநகராட்சி தலைல எவ்வளவு விழுதுங்கறது புதுசா வர்ற ஒவ்வொரு கவுன்சிலரும் கேக்க வேண்டிய முதல் கேள்வி.

காசு எங்கருந்து வருது

1. கந்தாயம், அதாவது சொத்துவரி. இதுதான் மாநகராட்சியோட சொந்தச் சம்பாத்தியத்துல பெருசு. 2000-லருந்து நாமளே கணக்குப் போட்டுக் கட்டற முறை, 2008-ல ஏரியாவுக்கு ஏத்த சதுர அடி ரேட்டு வந்துச்சு. வழக்கமா ஏப்ரல் மாசத்துக்குள்ள முழுசும் கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி. வாடகை வீட்ல இருக்கறவங்க "நமக்கென்ன"ன்னு நெனைக்கக் கூடாது, ஓனர் கட்டற கந்தாயம் வாடகைக்குள்ளதான் உக்காந்திருக்கு.

2. குப்பைக் கட்டணம். 2025 ஏப்ரல்லருந்து வீட்டோட அளவை வெச்சு மாசத்துக்கு 10 ரூபாயிலருந்து 400 ரூபாய் வரைக்கும், கந்தாயத்தோட சேர்த்தே வாங்கறாங்க. 600 சதுர அடி வரைக்கும் 10 ரூபாய், 601-லருந்து 1,000 வரைக்கும் 50, 4,000-க்கு மேல போனா 400.

3. கட்டா (சொத்துப் பதிவேட்டுல பேர் ஏத்தறது) ஃபீஸ், பிளான் ஒப்புதல், ரோடு வெட்ட அனுமதி, விளம்பரம், மார்க்கெட் கடை வாடகை, இப்படி சில்லறையாத் தெரிஞ்சாலும் சேர்ந்தா கணிசமான தொகை.

4. மாநில அரசோட மானியம். இதுல பெரும்பகுதி "இந்த வேலைக்குத்தான்"னு கட்டிப்போட்டு வர்ற காசு.

5. மத்திய நிதிக் கமிஷன் மானியம். 15-வது கமிஷன் 2021-26 காலத்துக்கு பெரிய நகரங்களுக்குக் குடுத்தது காத்து மாசு, தண்ணி, குப்பை இதுங்களுக்காக.

6. கடன்.

ரெண்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். கந்தாய ரசீதுல செஸ்னு ஒரு கூடுதல் வரி இருக்கும், கவனிச்சிருப்பீங்க. அதுக்குள்ள கந்தாயத் தொகைல சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3 சதவீதம்னு பிரிவு இருக்கு. நூலகச் செஸ்ஸும் பிச்சைக்காரர் செஸ்ஸும் மாநகராட்சிக் காசே கிடையாது, வாங்கி அந்தந்தத் துறைக்குக் குடுத்துடணும், இவங்க வெறும் தபால்காரர் மாதிரி. ஆனா வாங்கினது போய்ச் சேரவேண்டிய எடத்துக்கு முழுசா சேரலன்னு பல தடவை செய்தி வந்திருக்கு. பணம் தட்டுப்பாடு வந்தா கைல இருக்கற எந்தக் காசையும் எடுத்துப் பொரட்டற பழக்கத்துக்கு இது ஒரு சாட்சி, எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா நூலகத்துக்குப் போகாத அந்தக் காசு ஏதோ ஒரு ஏழைப் புள்ளை படிக்கப் போற எடத்துல நாற்காலியாவோ புத்தகமாவோ இருந்திருக்கணும்.

இன்னொண்ணு கடன். பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிபிஎம்பி தன்னோட கட்டடங்களையே அடகு வெச்சு கடன் வாங்கிச்சு, கே.ஆர். மார்க்கெட், ஜான்சன் மார்க்கெட், மேயோ ஹால் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. நம்ம வீட்ல தாலிச் சங்கிலிய அடகு வெக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது. இந்த நெலைமைக்கு எப்படி வந்துச்சுங்கறது அடுத்த பகுதிய படிச்சா புரியும்.

மும்பையோட ஒப்பிட்டு நெறைய பேர் கேக்கறாங்க. மும்பை மாநகராட்சியோட 2025-26 பட்ஜெட் 74,000 கோடிக்கு மேல, பிபிஎம்பியோடது ஏறக்குறைய 19,900 கோடி. காரணத்துல முக்கியமான ஒண்ணு, மும்பைல ஊருக்குள்ள வர்ற சரக்குக்குப் போடற ஆக்ட்ராய் வரி 2017 ஜூலை வரைக்கும் இருந்துச்சு, ஜிஎஸ்டி வந்ததும் அதுக்கு ஈடா வருஷா வருஷம் நஷ்ட ஈடு வருது. கர்நாடகால ஆக்ட்ராயை 1979-லயே எடுத்துட்டாங்க. அதனால நம்ம ஊர்ல கந்தாயமும் அரசாங்கத்து மானியமும்தான் ரெண்டு கால், ரெண்டாவது கால் வேற ஒருத்தரோடது.

பட்ஜெட்ல இருந்தா காசு இருக்குன்னு அர்த்தமா

இங்கதான் பெரும்பாலானவங்க ஏமாந்து போறாங்க. பட்ஜெட்ங்கறது "இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கறோம், வந்தா இதுக்கு இதுக்கு செலவு பண்ண அனுமதி"ங்கற ஒரு பேப்பர். அதுல எழுதிட்டதால பேங்க்ல பணம் வந்துடாது.

பட்ஜெட் புத்தகத்தை எடுத்தா ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்துல நெட்டுவாக்குல பல பத்தி (column) இருக்கும். அடுத்த வருஷத்துக்கான மதிப்பீடு ஒண்ணு. நடப்பு வருஷத்துல முதல்ல சொன்னதும் அப்புறம் திருத்தினதும் ஒண்ணு ரெண்டு. அதுக்கு முந்தின வருஷத்துல நெசமாவே வந்தது போனது ஒண்ணு, இதை ஆக்சுவல்ஸ்ம்பாங்க. பேப்பர்ல தலைப்புச் செய்தியா வர்றது முதல் பத்தி. ஆனா உண்மையச் சொல்றது கடைசிப் பத்திதான். ஒரு தலைப்புல மதிப்பீடு 100 கோடின்னு எழுதி, ஆக்சுவல்ஸ் 30 கோடின்னு வருஷா வருஷம் இருந்தா அந்தத் தலைப்பு சும்மா அலங்காரத்துக்கு இருக்குன்னு புரிஞ்சுக்கலாம்.

தட்டுப்பாடு எப்படி உருவாகுதுன்னா, வரவை ஊதிப் பெருசா எழுதறாங்க, 100 வரும்னு எழுதிட்டு 100-க்கும் வேலைக்கு ஒப்புதல் குடுத்துடறாங்க, வருஷக் கடைசில 70தான் வருது, ஆனா வேலைய காண்ட்ராக்டர் ஆரம்பிச்சுட்டாரு, முடிச்சுட்டாரு, மிச்சம் 30 பாக்கி பில்லா அடுத்த வருஷத்துக்குப் போகுது. அடுத்த வருஷம் வர்ற 70-ல முதல்ல இந்த 30-ஐ அடைக்கணும், ஆனா புது பட்ஜெட்ல மறுபடியும் 110-க்கு வேலை எழுதியாச்சு. இப்படியே நாலு வருஷம் போனா மார்க்கெட்டை அடகு வெக்கற நிலைமைதான்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, யாரும் அதிகம் பேசறதில்ல. பிபிஎம்பி கவுன்சில் இருந்தப்ப பட்ஜெட்டை வாசிச்சது வரி மற்றும் நிதி நிலைக்குழுத் தலைவர். அவர் பதவி ஒரு வருஷம், மேயர் பதவியும் ஒரு வருஷம். அவர் சொன்ன கணக்கு பலிச்சுதா இல்லையான்னு ஆக்சுவல்ஸ் வெளிய வர்றப்ப அவர் அந்த நாற்காலில இருக்க மாட்டாரு. சொன்னவர் ஒருத்தர், பதில் சொல்றவர் வேற ஒருத்தர். இந்த ஏற்பாடு இருந்த வரைக்கும் பெரிய நம்பரை வாசிச்சுட்டு கைதட்டு வாங்கிட்டுப் போறது ரொம்ப சுலபமா இருந்துச்சு.

கவுன்சிலர் நாற்காலில உக்காந்து பார்த்தா

கவுன்சிலருக்குச் சாதகமாவும் ஒரு நியாயம் இருக்கு, அத விட்டுடக் கூடாது. தெருவுல எல்லாத்துக்கும் அவர்தான் பதில் சொல்றாரு, ஆனா காவிரித் தண்ணி வாட்டர் போர்டு கைல, கரண்ட் பெஸ்காம் கைல, பஸ்ஸு பிஎம்டிசி, மெட்ரோ வேற கம்பெனி. மாநகராட்சிக்குள்ளயே நிர்வாக அதிகாரம் கமிஷனர்கிட்ட, அவர் மாநில அரசு போடற ஐஏஎஸ் அதிகாரி. கவுன்சில் தீர்மானம் போட்டாலும் அதை ரத்து பண்ற அதிகாரம் அரசாங்கத்துக்கு இருக்கு. மாநில மானியத்துல நடக்கற வேலைல எம்எல்ஏ சொல்றதுதான் எடுபடும், கவுன்சில் இல்லாத அந்த அஞ்சு வருஷத்துல அந்தப் பழக்கம் இன்னும் கெட்டியாயிடுச்சு.

அப்ப கவுன்சிலர்கிட்ட என்ன இருக்கு? மூணு விஷயம் இருக்கு. வார்டுல எந்த வேலை முதல்லன்னு சொல்றது. கவுன்சில்லயும் நிலைக்குழுலயும் கேள்வி கேக்கறது. வார்டு கமிட்டிக்குத் தலைவரா இருந்து கூட்டத்தைக் கூட்டறது. "என் கைல காசே இல்ல"ன்னு கவுன்சிலர் சொன்னா அது உண்மைதான், ஆனா "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னா அத ஏத்துக்க முடியாது. காகிதம் கேக்கற உரிமை நம்மள விட அவருக்கு ரொம்ப அதிகம், ஆஃபீஸ்ல போய் உக்காந்தா ஃபைல எடுத்து வெப்பாங்க.

"ஃபண்ட் இல்ல"ங்கறதுக்குள்ள இருக்கற அஞ்சு அர்த்தம்

ஒரு தெருவுல 40 லட்சம் ரூபாய்க்கு மோரி வேலைன்னு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம்.

1. பட்ஜெட்லயே எழுதல. இதுதான் நேர்மையான "ஃபண்ட் இல்ல". இதுக்குக் கேக்க வேண்டியது, வார்டோட வேலைப் பட்டியல். நம்ம மோரி அதுல இல்லன்னா ஏன் இல்ல, அதுக்கு பதிலா என்ன இருக்குன்னு பார்க்கணும். பல நேரம் மோரி இல்லாத பட்டியல்ல நல்லா இருக்கற நடைபாதைய பேத்துட்டு புது கல்லு போடற வேலை இருக்கும்.

2. பட்ஜெட்ல இருக்கு, ஜாப் நம்பர் வரல. பிபிஎம்பில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் நம்பர் குடுப்பாங்க. முதல்ல வார்டு நம்பர், அப்புறம் வருஷம், அப்புறம் வரிசை நம்பர். இது வந்தாத்தான் அந்த வேலை கணக்குல பொறந்துச்சுன்னு அர்த்தம். கவுன்சிலரோ எம்எல்ஏவோ குத்தலி பூஜை (வேலை ஆரம்பிக்கறப்ப போடற பூமி பூஜை) போட்டு தேங்கா ஒடச்சு போட்டோ எடுத்துக்கிட்டதுக்கும் ஜாப் நம்பர் வந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பூஜைக்குப் போறப்பவே "ஜாப் நம்பர் என்ன"ன்னு கேட்டு எழுதி வெச்சுக்கறது நல்லது.

3. ஜாப் நம்பர் இருக்கு, டெண்டர் எடுக்க ஆள் வரல. காண்ட்ராக்டருக்குப் பழைய பில்லு வருஷக் கணக்குல நிலுவைல இருந்தா புது வேலைக்குக் கைக்காசு போட அவர் தயங்குவாரு. வந்தாலும் காத்திருக்கற காலத்துக்கான வட்டியையும் சேர்த்துதான் ரேட்டு போடுவாரு. அப்ப 32 லட்சத்துல முடியற மோரி 40 லட்சம் ஆகுது, இல்லன்னா 40 லட்சம் வாங்கிட்டு 25 லட்சத்து வேலை நடக்குது. நிலுவைங்கறது யாரோ காண்ட்ராக்டரோட பிரச்சனைன்னு நாம தள்ளிட முடியாது, அதோட வட்டிய நம்ம தெருதான் கட்டுது.

4. வேலை முடிஞ்சுது, பில்லு நிக்குது. இங்க முக்கியமான காகிதம் மெஷர்மெண்ட் புக். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கான்கிரீட்னு ஏஇ (உதவி இன்ஜினியர்) அளந்து எழுதணும், ஏஇஇ (உதவி நிர்வாக இன்ஜினியர்) மறுபடி சரிபார்க்கணும், அப்புறம் இஇ (நிர்வாக இன்ஜினியர்). அதுக்கப்புறம் பில்லு கணக்குப் பிரிவுக்குப் போய் வரிசைல நிக்கும். வரிசைப்படிதான் பணம் குடுக்கணும், வரிசையத் தாண்டி ஒரு பில்லு முன்னாடி போச்சுன்னா அங்கதான் கேள்வி எழும்பணும்.

5. காசு வேற ஒருத்தரோடது. வேலை வாட்டர் போர்டோடதா இருக்கும், இல்ல மாநில அரசு மானியமா இருக்கும், மானியத்தோட அடுத்த தவணை வந்திருக்காது. கவுன்சிலர் கைய விரிக்கறது நியாயம்தான். ஆனா எந்தத் துறை, எந்த ஆர்டர்னு அவர் சொல்லியாகணும்.

நாலாவதுல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா பெரிய மோசடிங்க எல்லாம் நடந்தது அங்கதான். 2011-ல பிபிஎம்பியோட தொழில்நுட்ப விஜிலென்ஸ் பிரிவே மல்லேஸ்வரம், ராஜராஜேஸ்வரி நகர், காந்திநகர் பகுதி வேலைங்களைப் பார்த்துட்டு 1,539 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடுன்னு அறிக்கை குடுத்துச்சு, பொய் பில்லு, நடக்காத வேலைன்னு. 2021-ல மாநில காண்ட்ராக்டர்கள் சங்கம் பிரதமருக்கே கடிதம் எழுதி 40 சதவீதம் கமிஷன் கேக்கறாங்கன்னு புகார் சொன்னாங்க, அதை விசாரிக்க அமைச்ச ஓய்வுபெற்ற நீதிபதி நாகமோகன் தாஸ் கமிஷன் 2025 மார்ச்சுல அறிக்கை குடுத்துச்சு. இந்த மாதிரி விஷயத்துல நாம பட்ஜெட் புத்தகத்தை எத்தனை தடவை பொரட்டினாலும் ஒண்ணும் கெடைக்காது. பட்ஜெட்ல எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். ஜாப் நம்பரை வெச்சு எஸ்டிமேட்டையும் மெஷர்மெண்ட் புக்கையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, நேர்ல அந்த மோரிய போய்ப் பார்த்தாத்தான் உண்மை தெரியும். 120 மீட்டர்னு எழுதியிருக்கற மோரி 80 மீட்டர்ல முடிஞ்சு போச்சான்னு பார்க்க இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல, ஒரு டேப் போதும்.

கவுன்சில் கண்ணுக்கே படாத காசு

இது புதுக் கவுன்சிலர்களுக்கு ரொம்பத் தலைவலியா இருக்கப் போற பகுதி.

ஒண்ணு, டெண்டர் இல்லாத வேலை. கர்நாடகால அரசாங்க கொள்முதல்ல வெளிப்படைத்தன்மைக்குன்னே 1999-ல ஒரு சட்டம் வந்துச்சு. அதே சட்டத்தோட 4-வது பிரிவுல ஜி-ன்னு ஒரு உட்பிரிவு, அரசாங்கம் குறிப்பிட்ட கொள்முதலுக்கு விலக்குன்னு அறிவிச்சுட்டா டெண்டர் விடாமலே குடுக்கலாம். வெள்ளம் மாதிரி அவசரத்துக்குன்னா நியாயம் சொல்லலாம். ஆனா இந்த வழில அரசு நிறுவனமான கேஆர்ஐடிஎல்-க்கு சாதாரண ரோடு, மோரி வேலைங்களும் போயிருக்கு, பேரே கிராமப்புறக் கட்டமைப்பு நிறுவனம். கவுன்சிலர் ஒரு வேலையப் பத்திக் கேக்கறப்ப "டெண்டரா, 4-ஜியா"ன்னு முதல்ல கேக்கணும்.

ரெண்டு, கம்பெனிங்க. குப்பைக்கு 2021-ல பெங்களூரு திடக்கழிவு மேலாண்மை நிறுவனம்னு தனிக் கம்பெனி. சுரங்கப்பாதை மாதிரி பெரிய திட்டத்துக்கு பி-ஸ்மைல்னு ஒரு கம்பெனி. அரசு கம்பெனிங்கறதால சிஏஜி (மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை உண்டு, ஆர்டிஐ-யும் (தகவல் உரிமைச் சட்டம்) செல்லும், அது வரைக்கும் சரி. ஆனா அந்தக் கம்பெனியோட போர்டு மீட்டிங்ல வார்டு கவுன்சிலருக்கு வேலை கெடையாது. குப்பை வண்டி வரலன்னா ஜனங்க அவர் வீட்டு வாசல்ல நிப்பாங்க, அந்த வண்டிக்கு யாரு எவ்வளவு குடுக்கறாங்கன்னு கவுன்சில்ல விவாதம் பண்ண அவருக்கு வழி குறைஞ்சு போச்சு. ஊரோட பெரிய செலவெல்லாம் ஒவ்வொண்ணா கம்பெனிக்குப் போயிட்டா கவுன்சில்ல மிச்சம் இருக்கறது சின்ன கணக்குதான், அத எவ்வளவு வெளிப்படையா வெச்சாலும் ஊருக்குப் பெரிய பிரயோஜனம் இருக்காது. என்னோட பார்வைல இந்த மொத்த விஷயத்துலயும் கவலைப்பட வேண்டியது இதுதான்.

அஞ்சாப் பிரிச்சதால காசு என்ன ஆகும்

மகாதேவபுரா மண்டலம்தான் பழைய பிபிஎம்பில கந்தாய வசூல்ல முதல் எடம், ஐடி கம்பெனி, டெக் பார்க், பெரிய பெரிய அபார்ட்மெண்ட். அதுவும் கே.ஆர்.புரமும் இப்ப கிழக்கு மாநகராட்சில. முன்னாடி அங்க வசூலான காசு ஒரே பெட்டிக்கு வந்து ஊருக்கெல்லாம் பிரிஞ்சுது, அந்தப் பக்கத்து ஜனங்க "நம்ம காசு நம்ம ரோட்டுக்கு வரல"ன்னு கோவப்பட்டதும் நியாயம்தான். இப்ப பெட்டி தனித்தனி. சிவாஜிநகர் மாதிரி பழைய பேட்டைங்க மத்திய மாநகராட்சில இருக்கு. அங்க மோரிங்க பழசு, தெருங்க குறுகல், ஜனம் நெருக்கம், செய்ய வேண்டிய ரிப்பேர் அதிகம். எந்த மாநகராட்சிக்கு எவ்வளவு வரவு, எவ்வளவு பாக்கி, குறையறத ஜிபிஏவோ மாநில அரசோ எப்படி ஈடு கட்டுது, இந்த மூணும் ஒரே பக்கத்துல அட்டவணையா ஜனங்களுக்குக் காட்டினாத்தான் பிரிவினை நியாயமா நடந்துச்சான்னு தெரியும்.

வெளிப்படையா வெக்கறது முடியாத காரியமா

கெடையாது, இதே ஊர்ல நடந்திருக்கு. 2002-ல ப்ரூஃப்னு ஒரு இயக்கம், ஜனாக்ரஹா மாதிரி அமைப்புங்க சேர்ந்து நடத்தினாங்க. அப்போதைய மாநகராட்சியோட காலாண்டுக் கணக்கை வாங்கி பொதுமக்கள் முன்னாடி வெச்சு, கமிஷனரே வந்து பதில் சொல்ற அளவுக்குக் கூட்டம் நடந்துச்சு. அப்ப கணக்கை இன்னைக்கு மாதிரி போன்ல பார்க்க முடியாது, ஆனாலும் நடந்துச்சு. பிபிஎம்பி வெப்சைட்ல வார்டு, ஜாப் நம்பர், காண்ட்ராக்டர் வாரியா பில்லைத் தேடிப் பார்க்கற வசதியும் அப்புறம் வந்துச்சு. 15-வது நிதிக் கமிஷன் மானியத்துக்குப் போட்ட நிபந்தனையே, முந்தின வருஷத்து தணிக்கை ஆகாத கணக்கும் அதுக்கு முந்தின வருஷத்து தணிக்கை ஆன கணக்கும் ஆன்லைன்ல இருக்கணும்கறதுதான். ஆக அதிகாரிங்களுக்கு இது புதுசும் இல்ல, கஷ்டமும் இல்ல.

வார்டு கமிட்டியும் அப்படித்தான். கோர்ட்டும் ஊர் ஜனங்களும் நெருக்கி நெருக்கி, 2018 டிசம்பர்லருந்து மாசத்தோட முதல் சனிக்கிழமை கூட்டம்னு ஆரம்பிச்சாங்க. சில வார்டுல உருப்படியா நடந்துச்சு, சில வார்டுல கவுன்சிலரோட வேண்டியவங்க நாலு பேர் டீ குடிச்சுட்டுப் போனாங்க. கூட்டத்தோட மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்புல) "மோரி வேலை கேக்கப்பட்டது, ஜாப் நம்பர் வரல, காரணம் இது"ன்னு ஒரு வரி ஏறிட்டா அடுத்த மாசம் அதே கேள்விக்கு வேற பதில் சொல்ல முடியாது. அதனால கூட்டத்துக்குப் போறவங்க பேசறதோட நிக்காம, மினிட்ஸ்ல ஏறிச்சான்னு பார்த்துட்டு வரணும்.

ஆர்டிஐ போடறவங்க கவனிக்க வேண்டியது

1. கர்நாடகால ஒரு மனுல 150 வார்த்தைக்குள்ள, ஒரே விஷயம்தான் கேக்கணும்னு விதி. ஊர்க் கதையெல்லாம் எழுதினா அத வெச்சே திருப்பி அனுப்பிடுவாங்க. "இந்த ஜாப் நம்பர் வேலையோட எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், மெஷர்மெண்ட் புக், பில்லு நகல் வேணும்"னு நாலு வரி போதும். ஃபீஸ் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா அதுவும் கெடையாது.

2. நகல் மட்டும்தான் கேக்கலாம்னு நெனைக்காதீங்க. சட்டத்தோட 2-ஜே பிரிவுல வேலைய நேர்ல பார்வையிடறது, ஃபைலைப் பார்த்துக் குறிப்பு எடுக்கறது, போட்ட மெட்டீரியலோட சாம்பிள் எடுக்கறது எல்லாமே உரிமை. போட்ட ரோடு மூணு மாசத்துல பேந்து வந்தா சாம்பிள் கேக்கறதுதான் சரியான வழி.

3. 30 நாள்ல பதில் வரணும். வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆஃபீஸ்ல மேலதிகாரிகிட்ட முதல் அப்பீல்.

4. மனு எந்த மொழில? இங்க கன்னடம், இங்கிலீஷ், இந்தி மூணுல ஏதாவது ஒண்ணுல இருக்கணும், தமிழ்ல எழுதிக் குடுத்தா சட்டப்படி அது செல்லாது. நம்மள்ல பல பேருக்கு, முக்கியமா பெரியவங்களுக்கு, கன்னடம் சரளமாப் பேச வரும், எழுத வராது. அதுக்காக விட்டுட வேண்டாம். எழுதத் தெரியாதவங்க நேர்ல போய் வாயால சொன்னா அதை எழுத்துல கொண்டுவர தகவல் அதிகாரி உதவி பண்ணியே ஆகணும்னு 6-வது பிரிவு சொல்லுது. "நீங்க எழுதிட்டு வாங்கம்மா"ன்னு அனுப்பினா அந்தப் பிரிவோட நம்பரைச் சொல்லுங்க.

5. வார்டு நம்பர் மாறினதால பழைய நம்பர், புது நம்பர் ரெண்டையும் மனுல போடுங்க. 2025 செப்டம்பருக்கு முன்னாடி எடுத்த வேலைங்க, இன்னும் பாக்கியா நிக்கற பில்லுங்க எல்லாம் பழைய வார்டு நம்பர் போட்ட ஜாப் நம்பர்லதான் இருக்கும், புது நம்பரை மட்டும் எழுதினா "இந்த வார்டுல அப்படி ஒரு வேலையே இல்ல"ன்னு பதில் வந்துடும்.